ஓடும் திரவமும் அசையும் கலமும்

புத்தளம் களப்பின் கீழ்க்கரையில், உப்பளங்களுக்கும் மீன்பிடிக் குடியிருப்புகளுக்கும் அயலே அமைந்த தில்லையடியிலிருந்து, சற்றே வடக்குச் சாய்வாக மேற்கு நோக்கி ஒரு கோடு இழுப்பதாகக் கற்பித்துக்கொண்டால், அக்கோடு முதலில் களப்பைத் தாண்டி, கற்பிட்டித் தீபகற்பத்திலே நிலக்கரியை எரித்து 900 மெகாவாற்று மின்சாரம் உண்டாக்கும் நுரைச்சோலை அனல் மின் நிலையத்தின் பக்கமாகச் சென்று, பின்னர் மன்னார் வளைகுடாவைக் கடந்து, சுமார் 230 கிலோமீட்டர் தொலைவிலே கூடங்குளத்தை அடையும். அங்கே 2013இல் ஒன்றும் 2016இல் ஒன்றுமாக, ஒவ்வொன்றும் 1000 மெகாவாற்று ஆற்றலுள்ள இரண்டு அணு உலைகள் தொடர்வினையைத் தொடங்கின. தில்லையடிக்கு வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில், வங்கக் கடலோரத்துக் கல்பாக்கத்திலே, உருகிய சோடியத்தால் குளிர்விக்கப்படும் வேறொரு வகை உலைக்கு 2004இல் அடிக்கல்லும் அத்திவாரமும் இட்டார்கள். இலங்கையிலே இத்தகைய மின் உலை ஒன்றேனும் இல்லாவிடினும், கடலின் அகலம் பெரிதன்று; ஆகவே அக்கரையில் உள்ள உலைகள் எவ்வாறு காக்கப்படுகின்றன என்னும் வினா இக்கரையில் வாழ்வோருக்கும் உரிய வினாவேயாகும்.

அணு உலை என்றதும் நம் மனத்தில் எழுவது கண்ணுக்குப் புலனாகாத கதிர்வீச்சின் பயம். ஆனால் உலையை அமைக்கும் பொறியியலாளரின் நித்திரையைக் கெடுப்பவற்றுள் பெரும்பாலானவை மிகச் சாதாரணமான பௌதிகக் காரியங்கள்: ஒரு குழாய் அதிர்கிறது, ஒரு கலத்தின் சுவர் வளைகிறது, ஒரு தொட்டியிலுள்ள திரவம் அலைபாய்கிறது. கதிரியக்கத்தைச் சிறைப்படுத்தி வைத்திருப்பவை உருக்குச் சுவர்களும் குழாய்களுமே; அச்சுவர்களோடு இரவும் பகலும் உறவாடிக்கொண்டிருப்பவை நீரும் நீராவியும் சோடியமும். திரவம் சுவரைத் தள்ளுகிறது. தள்ளப்பட்ட சுவர் அசைந்து திரவத்தின் வழியை மாற்றுகிறது. வழி மாறிய திரவம் வேறுவிதமாகத் தள்ளுகிறது. இந்தப் பரஸ்பர விளைவை முன்கூட்டியே கணித்தறியும் சாஸ்திரமே, கணினியின் துணையோடு கடந்த அறுபது எழுபது ஆண்டுகளில் வளர்ந்து, அணு உலைப் பாதுகாப்பின் தூண்களுள் ஒன்றாக நிற்கிறது.

இதன் தத்துவத்தை அறிய உலைக்குள்ளே புக வேண்டியதில்லை. களப்பிலே வலை கட்டுவதற்காக நட்டிருக்கும் மரக்கம்பு ஒன்றை நீரோட்டமுள்ள வேளையில் கையாற் பற்றிப் பார்த்தால், அது மெல்லத் துடிப்பதை உணரலாம். கம்பின் இரு பக்கமும் மாறி மாறிச் சுழிகள் தோன்றிக் கழன்று செல்வதே அத்துடிப்பின் காரணம். ஸ்ட்ரூஹால் என்னும் செக் நாட்டு விஞ்ஞானி 1878இல் காற்றிலே கம்பிகள் எழுப்பும் ஓசையை ஆராய்ந்து, சுழிகள் கழலும் வேகத்துக்கு ஓர் எளிய நியதியைக் கண்டார்: ஓட்டத்தின் வேகத்தைக் கம்பின் விட்டத்தால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கை எடுத்தால், வினாடிக்கு எத்தனை முறை என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஐந்து சென்றிமீட்டர் விட்டமுள்ள கம்பை வினாடிக்கு அரை மீட்டர் வேகத்தில் நீர் கடந்தால், வினாடிக்கு இரண்டு முறை. கம்புக்கு இயற்கையாக உள்ள ஆட்டத்தின் எண்ணிக்கை இதனோடு ஒத்திராத வரையில் தீங்கில்லை. இரண்டும் ஒத்துவிட்டாலோ, ஒவ்வொரு சுழியும் தக்க தருணத்தில் ஊஞ்சலைத் தள்ளுவது போலாகி, ஆட்டம் பெருகிக்கொண்டே போகும்.

இதனோடு மற்றொரு சூட்சுமமும் உண்டு. திரவத்தினுள் மூழ்கிய பொருள் அசையும்போது, தன்னை மட்டும் அசைத்துக்கொள்ள அதனால் முடிவதில்லை. சுற்றியுள்ள திரவத்தையும் இழுத்துக்கொண்டே அசைய வேண்டியிருக்கிறது. ஜெர்மானிய வானியலாளர் பெசெல் 1828இல் ஊசலிகளைக் காற்றிலும் நீரிலும் ஆட்டிப் பார்த்து, நீரில் ஊசலின் நிறை கூடிவிட்டது போன்ற விளைவு உண்டாவதை எழுதிவைத்தார். ஒரு கோளத்துக்கு இந்தக் கூடுதல் நிறை, அது விலக்கும் திரவத்தின் நிறையிற் பாதி; நீண்ட உருளை பக்கவாட்டில் அசைந்தால், விலக்கும் திரவத்தின் முழு நிறை. ஒன்றனுள் ஒன்றாக வைத்த இரு உருளைகளுக்கு இடையேயுள்ள ஒடுங்கிய இடுக்கிலே திரவம் நிற்குமாயின், அந்தத் திரவம் ஒதுங்குவதற்கு நெடுந்தூரம் விரைந்தோட வேண்டியிருப்பதால், கூடுதல் நிறை பன்மடங்காகிவிடும். அணைக்கட்டின் மீது பூகம்ப வேளையில் நீர் செலுத்தும் அழுத்தத்தை வெஸ்டர்கார்ட் 1933இல் கணித்ததும் இந்தத் தத்துவத்தை ஒட்டியே. அணு உலையின் உள்ளமைப்போ, பெரும்பாலும் இத்தகைய ஒடுங்கிய இடுக்குகளின் தொகுதி.

கல்பாக்கத்து உலையை இந்தக் கண்ணோடு பார்த்தால் பிரச்சினையின் தன்மை நன்கு விளங்கும். கூடங்குளத்து உலைகளில் நீர் ஏறத்தாழ 155 வளிமண்டல அழுத்தத்தில் இருப்பதால், அதைத் தாங்கும் கலத்தின் சுவர் சுமார் 19 சென்றிமீட்டர் கனமுடையது. சோடியமோ 883 பாகை சென்றிகிரேட்டில்தான் கொதிக்கும். உலையிலே அது 397 பாகையில் எரிபொருட் கருவகத்தினுள் நுழைந்து 547 பாகையில் வெளியேறுமாறு அமைத்திருப்பதால், அதைக் கொதியாமல் அடக்கிவைக்கப் பேரழுத்தம் தேவையில்லை. அன்றியும், உஷ்ணம் திடீரென ஏறி இறங்கும்போது கனத்த சுவர் மெல்லிய சுவரைக் காட்டிலும் மிகுதியாக உள்நெருக்கடிக்கு ஆளாகும். இவ்விரு காரணங்களாலும் சுமார் 13 மீட்டர் விட்டமும், 1,100 தொன்னுக்கு மேற்பட்ட சோடியத்தைத் தாங்கும் பொறுப்பும் உடைய பிரதான கலத்தின் சுவரை 25 முதல் 40 மில்லிமீட்டர் கனத்தில் அமைத்தார்கள். விட்டத்தோடு ஒப்பிட்டால், மெல்லிய பாகத்திலே ஐந்நூற்றில் ஒரு பங்குதான் சுவர். வெப்பத்துக்கு நன்மையான இந்த மென்மை, அதிர்வுக்கும் பூகம்பத்துக்கும் பாதகமானது. ஒரு பக்கத்து அபாயத்தை நீக்கப் போய் மற்றொரு பக்கத்து அபாயத்தை வரவழைத்துக்கொள்ளும் இந்தத் தர்மசங்கடத்திலேதான் கணிதம் மத்தியஸ்தம் செய்ய அழைக்கப்படுகிறது.

அக்கணிதம் எத்தகையது? திரவத்தின் இயக்கத்தை ஆளும் சமன்பாடுகளை நவியே 1822இலும் ஸ்டோக்ஸ் 1845இலும் நிலைநாட்டினார்கள். உருக்கின் நெகிழ்ச்சி விதிகளும் அக்காலத்திலேயே உருப்பெற்றன. ஆனால் ஒரு விதியை அறிவது வேறு, அதனின்று விடையைப் பெறுவது வேறு. சிக்கலான உருவமுள்ள ஒரு கலத்துக்கு இச்சமன்பாடுகளைத் தாளில் எழுதித் தீர்ப்பது இயலாத காரியம். ஆகவே திரவத்தையும் உருக்கையும் சிறு சிறு கண்ணறைகளாகப் பிரித்து, ஒவ்வொரு கண்ணறையிலும் அழுத்தம், வேகம், இடப்பெயர்ச்சி ஆகியவற்றை எண்களாக்கி, காலத்தையும் நுண்ணிய படிகளாக நறுக்கி, ஒரு படியிலிருந்து அடுத்த படிக்குக் கூட்டியும் கழித்தும் முன்னேறுகிறார்கள். ரிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் வானிலையை இவ்வாறு கையாலேயே கணிக்க முயன்று 1922இல் நூலாக வெளியிட்டார். படிகள் எவ்வளவு சிறியனவாக இருக்கவேண்டும் என்னும் நிபந்தனையைக் கூரன்ட், பிரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர் 1928இல் நிறுவினார்கள். விமானத்தின் இறகுகளை ஆராய்வதற்காக டர்னரும் கிளஃபும் அவர்தம் கூட்டாளிகளும் 1956இல் வெளியிட்ட முறை, உருக்குச் சட்டங்களையும் சுவர்களையும் கண்ணறைகளாக்கும் வழியைத் திறந்தது.

மூவர் நிறுவிய நிபந்தனையின் கடுமையை ஓர் உதாரணத்தாற் காணலாம். உலையின் உஷ்ணத்திலே சோடியத்தினுள் ஒலி வினாடிக்குச் சுமார் 2,300 மீட்டர் விரைகிறது. கண்ணறை ஐந்து சென்றிமீட்டர் அகலமானால், ஒலி அதைக் கடக்கும் நேரத்தைக் காட்டிலும் காலப்படி நீளலாகாது. அஃதாவது ஒரு படி, வினாடியின் இலட்சத்தில் இரண்டு பங்கு. வினாடியின் பத்தில் ஒரு பகுதியில் நடந்து முடியும் ஒரு சம்பவத்தைத் தொடர ஐயாயிரம் படிகள் வேண்டும். ஒவ்வொரு படியிலும் இலட்சக்கணக்கான கண்ணறைகளுக்குக் கணக்குப் போட வேண்டும். கண்ணறையைப் பாதியாக நுணுக்கினால், முப்பரிமாணத்தில் எண்ணிக்கை எட்டு மடங்காகி, படிகளும் இரட்டிப்பதால், வேலை பதினாறு மடங்காகிறது. கணினிகள் எவ்வளவு வளர்ந்தும் பொறியியலாளரின் பசி தணியாதிருப்பதற்கு இதுவே காரணம்.

திரவமும் உருக்கும் சந்திக்கும் எல்லையில் மற்றொரு சங்கடம் காத்திருக்கிறது. உருக்கு அதிகம் ஓடுவதில்லை. ஆகையால் கண்ணறைகளை அதனோடு ஒட்டிவைத்து, அது நகரும்போது அவற்றையும் நகரவிடலாம். திரவமோ சுழன்று புரண்டு செல்வது; கண்ணறைகளை அதனோடு ஒட்டிவைத்தால் அவை முறுக்கேறிச் சிதைந்துவிடும். ஆதலால் திரவத்துக்கு அசையாத கண்ணறைகளை வகுத்து, அவற்றின் ஊடே அதை ஓடவிடுவதே வழக்கம். அசையும் சுவரையும் அசையாத கண்ணறைகளையும் எவ்வாறு இணைப்பது? கண்ணறைகள் திரவத்தோடு முழுவதும் ஓடவும் வேண்டாம், முழுவதும் நிற்கவும் வேண்டாம், சுவரருகே சுவரோடு நகர்ந்து உள்ளே தம் விருப்பப்படி ஒழுங்குபட்டு நிற்கட்டும் என்னும் சமரச முறையை, அமெரிக்காவின் லொஸ் அலமொஸ் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹேர்ட்டும் அவர் துணைவரும் 1974இல் முழுமையாக விளக்கினார்கள். அணு உலைப் பாதுகாப்புக்காகப் பல தேசங்கள் எழுதிய கணினி நிரல்கள் இந்த வழியைக் கைக்கொண்டன. கல்பாக்கத்து இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்திலே, செல்லபாண்டி முதலிய பொறியியலாளர்கள் உருவாக்கிய ஃபஸ்டின் என்னும் நிரலும் இம்மரபைச் சேர்ந்ததே.

அந்நிரல் எதற்காக எழுதப்பட்டது என்பதே இத்துறையின் மிகக் கடினமான கேள்விக்கு நம்மை இட்டுச் செல்லும். நிறுத்தும் கருவிகள் யாவும் ஒருங்கே தவறி, கருவகம் உருகிக் குலைந்து, அதன் வெப்பம் திடீரென இயக்க ஆற்றலாக மாறினால் கலம் தாங்குமா? நிகழ்வதற்கு மிக மிக அரிதாயினும் கேட்டே ஆகவேண்டிய கேள்வி இது. கல்பாக்கத்து உலைக்கு அவ்வாறு வெளிப்படும் ஆற்றலை 100 மெகாஜூல் எனக் கொண்டார்கள். சுமார் 24 கிலோகிராம் வெடிமருந்தின் ஆற்றல் அது. கருவகத்தின் இடத்திலே உயரழுத்தக் குமிழ் ஒன்று தோன்றி விரிகிறது; அதன் தள்ளுதலால் கலத்தின் பக்கச் சுவர் புடைக்கிறது; மேலேயுள்ள சோடியம் ஒரு திரளாகக் கிளம்பி, தனக்கும் மேல்மூடிக்கும் இடையேயுள்ள வாயுவை நெருக்கிக்கொண்டு சென்று மூடியை மோதுகிறது. சுவர் புடைக்கப் புடைக்கக் குமிழுக்கு இடம் கிடைத்து அதன் அழுத்தம் தாழ்வதால், சுவர் அசையாதெனக் கொண்டு போட்ட கணக்கு இங்கே பயன்படாது; இரண்டையும் ஒருங்கே கணித்தால்தான் உண்மையை அணுகலாம்.

இவ்வளவு பெரிய பரிசோதனையை முழு அளவில் நடத்திப் பார்க்க எந்தத் தேசத்தாலும் இயலாது. ஆயினும் கணக்கை மட்டும் நம்பி இருந்துவிடவும் முடியாது. எனவே சண்டிகாரிலுள்ள பாதுகாப்புத் துறையின் வெடிப்பியல் ஆய்வுகூடத்தோடு சேர்ந்து, பதின்மூன்றில் ஒரு பங்கு அளவான மாதிரிக் கலங்களிலே, சோடியத்துக்குப் பதிலாக நீரை நிரப்பி, வெடிமருந்தை வெடிக்கச் செய்து பார்த்தார்கள். நீளம் பதின்மூன்றில் ஒன்றானால் கொள்ளளவு 2,197இல் ஒன்றாகும். ஆற்றலையும் அவ்விகிதத்திலேயே குறைத்தால் 100 மெகாஜூல் சுமார் 45 கிலோஜூலாகிறது. அதைத் தருவதற்குப் பதினொரு கிராம் வெடிமருந்து போதும். உள்ளங்கையில் அடங்கும் அந்தச் சிறு பொட்டலம், இராட்சத உலையின் கற்பனை விபத்துக்குப் பிரதிநிதியாக நின்று சாட்சி சொல்கிறது. மாதிரியில் சுவர் எங்கே எவ்வளவு புடைத்தது என்பதை அளந்து, அதே மாதிரிக்கு நிரல் சொன்ன விடையோடு ஒப்பிட்டு, இரண்டும் இசைந்தால்தான் பேருலைக்கு அந்நிரல் சொல்லும் விடைக்கு மதிப்பு உண்டாகும். பிரான்சிலும் பிரித்தானியாவிலும் இதற்கு முன்னரே இவ்வகை வெடிப்புப் பரிசோதனைகள் தொடர்தொடராக நடந்திருந்தன.

நம் முன்னோர் அறிவுக்கு வழிகளாகப் பிரத்தியட்சத்தையும் அனுமானத்தையும் வகுத்து, மலையிலே புகையைக் கண்டு நெருப்பை ஊகிப்பதை உதாரணமாகச் சொன்னார்கள். அடுக்களையில் புகையும் நெருப்பும் சேர்ந்திருக்கக் கண்டவனுக்கே மலைப்புகை நெருப்பை உணர்த்தும். கணினியின் கணக்கும் அனுமானமே. அதற்குரிய அடுக்களை ஆய்வுகூடம். இந்த நெறி பிறழும்போது என்ன நேரும் என்பதை மூன்று தேசங்களின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

முதலாவது பிரான்ஸ். றோன் நதிக்கரையில் அமைந்த சூப்பர்பீனிக்ஸ் என்னும் சோடிய உலையில், பிரதான கலத்தின் சுவரைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதற்காக, குளிர்ந்த சோடியத்தைச் சுவருக்கும் உள்ளே நின்ற மெல்லிய உருளைத் தகட்டுக்கும் இடையே மேலேற்றி, தகட்டின் விளிம்பைத் தாண்டி ஓர் இடுக்கினுள் விழச் செய்தார்கள். சிறிய கலிங்கு ஒன்று வட்டமாக நிற்பதாகக் கொள்ளலாம். 1980களின் நடுவில், உலையை இயக்கத்துக்கு ஆயத்தம் செய்த காலத்தில், எவரும் எதிர்பாராதபடி அத்தகடு தானாக ஆடத் தொடங்கியது. தகடு சற்றே சாய்ந்த பக்கத்தில் மிகுதியாக வழிந்த சோடியம் கீழே விழுந்து சேர்வதற்குச் சிறிது நேரம் செல்ல, அந்தத் தாமதம் தகட்டின் ஆட்டத்தோடு இசைந்தபோது, விழும் திரவம் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆற்றலை ஊட்டிக்கொண்டேயிருந்தது. வீழ்ச்சியின் உயரமும் வழியும் திரவத்தின் அளவுமே இந்த ஆட்டத்தைத் தூண்டவோ அடக்கவோ வல்லவை என்பது பின்னர் ஆராய்ச்சியால் தெளிவாயிற்று. கல்பாக்கத்து உலையிலும் இதே விதமான குளிர்விப்பு உண்டு. பிரெஞ்சு அனுபவத்தைப் பாடமாகக் கொண்டு, அங்குள்ள பொறியியலாளர்கள் இந்த ஆட்டம் எந்நிலையில் எழும் என்பதைத் தனியே கணித்து, வீழ்ச்சியின் உயரம் அபாய எல்லைக்குள் புகாதபடி வடிவமைப்பை வகுத்தார்கள்.

இரண்டாவது ஜப்பான். மொஞ்சு என்னும் சோடிய உலையிலே 1995 டிசம்பர் 8ஆம் திகதி, முழு ஆற்றலிற் பாதியையும் எட்டாத நிலையில் உலை இயங்கிக்கொண்டிருக்கையில், இரண்டாம் சுற்றுக் குழாயினுள் நீட்டியிருந்த வெப்பமானி உறை ஒன்று ஒடிந்து, அதன் வழியே பல நூறு கிலோகிராம் சோடியம் கசிந்து தீப்பற்றியது. களப்புக் கம்பைத் துடிக்கச் செய்யும் சுழிகளே அவ்வுறையையும் ஒடித்தன. ஆனால் ஒரு வேற்றுமையோடு. சுழிகள் இரு பக்கமும் மாறி மாறிக் கழன்றால் பொருள் ஓட்டத்துக்குக் குறுக்கே ஆடும். வடிவமைத்தவர்கள் காத்துக்கொண்டது அந்த ஆட்டத்துக்கு எதிராக. மொஞ்சுவிலோ சுழிகள் இரு பக்கமும் ஒரே வேளையில் கழன்று, உறையை ஓட்டத்தின் திசையிலேயே முன்னும் பின்னும் ஆட்டின. உறை திடீரென ஒடுங்கிய படிக்கட்டு வடிவம் கொண்டிருந்ததால், ஒடுங்கிய இடத்திலே உருக்கு சோர்ந்து முறிந்தது. இந்த அனுபவத்தை ஒட்டி ஜப்பானிய இயந்திரப் பொறியியலாளர் சங்கம் 1998இல் இவ்வகை அதிர்வுக்கென ஒரு புதிய வழிகாட்டியை வெளியிட்டது. 2010 வரை மூடிக் கிடந்த உலையை 2016இல் நிரந்தரமாகக் கைவிடத் தீர்மானித்தார்கள்.

மூன்றாவது அமெரிக்கா. கலிபோர்னியாக் கடலோரத்துச் சான் ஓனோஃப்ரே நிலையத்திலே, பழைய நீராவி உண்டாக்கிகளை அகற்றி, மிட்சுபிஷி நிறுவனம் செய்த புதியவற்றைப் பொருத்தினார்கள். ஒவ்வொன்றிலும் 9,727 குழாய்கள், தலைகீழான லாடம் போல வளைந்து நின்றன. மூன்றாம் உலையில் அவற்றைப் பொருத்தி இயக்கத் தொடங்கிச் சுமார் பதினொரு மாதமானபோது, 2012 ஜனவரி 31ஆம் திகதி, ஒரு குழாய் கசிந்தது. திறந்து பார்த்தபோது குழாய்கள் ஒன்றோடொன்று உரசித் தேய்ந்திருந்தன. குழாய்க் கூட்டத்தின் ஊடே ஓடும் நீராவி ஒரு குறித்த வேகத்தை மிஞ்சினால், ஒரு குழாயின் அசைவு அயற்குழாயின் மீது அழுத்தத்தை மாற்றி, அதன் அசைவு மீண்டும் முதற்குழாயைத் தூண்ட, எல்லாம் சேர்ந்து கட்டுக்கடங்காமல் ஆடும் என்பதைக் கானர்ஸ் என்பவர் 1970இலேயே சொல்லிவைத்திருந்தார். சூத்திரம் தெரிந்தேயிருந்தது; அதிலே இட்ட எண் பிழைத்தது. வடிவமைப்புக்குப் பயன்பட்ட நிரல் நீராவியின் வேகத்தை உண்மையைக் காட்டிலும் குறைத்துக் காட்டியது. அதனோடு, வளைவின் தளத்துக்குக் குறுக்கான ஆட்டத்தைத் தடுக்கவே தாங்கிகள் அமைக்கப்பட்டிருந்தன. அந்நாள்வரை அனுபவத்திலே கண்டிருந்ததும் அதுவே. இம்முறை குழாய்கள் வளைவின் தளத்திலேயே ஆடின. 2013 ஜூன் மாதத்தில் நிலையத்தை நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தார்கள்.

இம்மூன்று சம்பவங்களையும் அடுத்தடுத்து வைத்து நோக்கினால் ஓர் உண்மை துலங்கும். மொஞ்சுவிலே குறுக்கு ஆட்டத்தைத் தடுத்தார்கள், நேர் ஆட்டம் வந்தது. சான் ஓனோஃப்ரேயிலே தளத்துக்குக் குறுக்கான ஆட்டத்தைத் தடுத்தார்கள், தளத்தினுள்ளே ஆட்டம் வந்தது. சூப்பர்பீனிக்ஸிலோ, விழும் திரவம் தகட்டை ஆட்டுமா என்னும் வினாவே எழாமற் போயிற்று. கணினி தன்னிடம் கேட்ட கேள்விக்குத்தான் விடை சொல்லும். கேளாத திசையிலிருந்து வரும் அபாயத்தை அது தானாக எழுந்து நின்று எச்சரிப்பதில்லை. கண்ணறைகளை எவ்வளவு நுணுக்கினாலும், எத்தனை கோடிப் படிகள் ஏறினாலும், ஆட்டத்துக்கு ஒரு திசையை அடைத்துவைத்து எழுதிய நிரல் அத்திசையில் ஆட்டமில்லை என்றே சாதிக்கும். கணிதத்தின் பிழை எண்களில் நேர்வதைக் காட்டிலும் கேள்விகளிலேயே மிகுதியாக நேர்கிறது.

பரஸ்பர விளைவு எப்போதும் பகையாகவே வரும் என்றும் எண்ணலாகாது. மேற்கு ஜெர்மனியில் காள்ஸ்டைன் என்னுமிடத்திலே கைவிடப்பட்ட ஒரு முழு அளவான உலையைப் பரிசோதனைச் சாலையாக்கி, பெரிய குழாய் ஒன்று திடீரென உடைந்தால் கலத்தினுள் பாயும் அழுத்த அலை உள்ளுருளையை எவ்வாறு தாக்கும் என்று 1980ஐ ஒட்டிய ஆண்டுகளில் நீரை வெளியேற்றிப் பார்த்தார்கள். உள்ளுருளை அசையாதது எனக் கொண்ட கணக்கு, பெரும் தாக்கத்தை முன்னறிவித்தது. உண்மையிலோ உருளை சற்று இணங்கிக் கொடுத்ததால் அழுத்தம் தணிந்து, தாக்கம் அதைவிடக் குறைந்தே நின்றது. கூடங்குளத்து உலைகளைப் போன்ற உயரழுத்த நீருலைகளுக்கு இந்தப் பாடம் நேராகப் பொருந்தும். ஆக, திரவத்துக்கும் உருக்குக்கும் இடையேயுள்ள உறவை மறந்துவிட்டுப் போடும் கணக்கு, ஓரிடத்தில் வீண் பயத்தையும் மற்றோரிடத்தில் வீண் தைரியத்தையும் தரவல்லது.

பூகம்பத்தையும் ஒரு வார்த்தை சொல்லாமல் விடமுடியாது. 13 மீட்டர் விட்டமுள்ள திறந்த கலத்திலே திரவத்தின் மேற்பரப்பு ஒரு முறை சாய்ந்து மீளச் சுமார் நான்கு வினாடி ஆகும். கட்டடங்களை உலுக்கும் விரைவான அதிர்வுகளோடு அது சேர்வதில்லை, ஆனால் பூகம்பத்தின் மெதுவான அசைவுகளுக்கு இணங்கிவிடும். 2007 ஜூலை 16ஆம் திகதி ஜப்பானின் கசிவசாகி-கரிவா நிலையத்தைப் பூகம்பம் தாக்கியபோது, பயன்படுத்திய எரிபொருளை இட்டுவைத்த தொட்டியிலிருந்து நீர் அலைபாய்ந்து சிதறி, அற்பக் கதிரியக்கம் கொண்ட சிறு பகுதி கடலையும் சேர்ந்தது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கிழக்குக் கரையைச் சூறையாடிய அதே தினத்தில் கல்பாக்கத்தையும் தாக்கியது. இயங்கிக்கொண்டிருந்த உலையைப் பத்திரமாக நிறுத்தினார்கள். புதிய உலைக்கு வெட்டிய அத்திவாரக் குழி கடல்நீரால் நிரம்பிற்று. கடலும் ஒரு திரவமே என்பதையும், கலத்துக்கு உள்ளேயிருந்து மாத்திரமன்றி வெளியேயிருந்தும் அது தள்ளும் என்பதையும் அன்றைய தினம் உணர்த்தியது.

ஆகவே தேர்ந்த பொறியியலாளர் ஒரு நிரலை இரு முறை சோதிக்கிறார். சமன்பாடுகளை நிரல் பிழையின்றித் தீர்க்கிறதா என்பது முதற்சோதனை; கண்ணறைகளை நுணுக்க நுணுக்க விடை ஒரு நிலையான எண்ணை நாடி அடங்குகிறதா என்று பார்த்து இதை அறியலாம். தீர்த்த சமன்பாடுகள் உலகத்தோடு பொருந்துகின்றனவா என்பது இரண்டாம் சோதனை. அதற்குச் சண்டிகாரும் காள்ஸ்டைனும் போன்ற இடங்கள் வேண்டும். இவற்றின் பின்னரும், அறியாமைக்கு இடம் விட்டு, விடைக்கும் எல்லைக்கும் நடுவே தாராளமான இடைவெளி வைக்கிறார். முதற்சோதனையை மாத்திரம் நடத்திவிட்டு வண்ணப்படங்களைக் காட்டுவது எளிது. கணினி தீட்டும் சிவப்பும் நீலமும் பார்ப்போரின் கண்ணை மயக்கி, அனுமானத்தைப் பிரத்தியட்சம் போலக் காட்டிவிடும்.

2014ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் இலங்கை அணுசக்தி ஒழுங்குபடுத்தலுக்கெனத் தனிப் பேரவையை அமைத்தது. 2015 பெப்ரவரியில் இந்தியாவோடு அணுசக்தி ஒத்துழைப்பு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டது. நாளை நம் கரையிலே உலை எழுப்பப்பட்டாலும், எழுப்பப்படாவிட்டாலும், அயற்கரையின் உலைகளைப் பற்றிப் பேச நமக்குச் சந்தர்ப்பங்கள் வரும். அப்போது, அபாயம் உண்டா இல்லையா என்று கேட்டால் ஒரு சாரார் இல்லையென்றும் மறு சாரார் உண்டென்றும் சொல்லி முடித்துவிடுவார்கள். இந்த முடிவை எந்தப் பரிசோதனையோடு ஒப்பிட்டீர்கள், எந்தத் திசைகளில் அசைவைக் கணக்கிலே சேர்த்தீர்கள், எந்தத் திசையைச் சேர்க்காமல் விட்டீர்கள், அதை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால், பதில் சொல்பவர் தம் கணக்கைத் திறந்து காட்ட வேண்டியதாகும். இக்கேள்விகளைக் கேட்பதற்கு நுண்கணிதம் அறிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. மொஞ்சுவையும் சான் ஓனோஃப்ரேயையும் நினைவிலே வைத்திருந்தால் போதும்.